தீபாவளிக்குள் வெளிச்சுவருக்கு நாமே பெயிண்ட் அடித்துவிடலாமா?

கேள்வி, ஆகஸ்ட் 9

சிங்கப்பூரில் வரிசைத் தரைவீடு, இரண்டு மாடி, நடு வீடு. முகப்புச் சுவரைத் தொட்டால் பெயிண்ட் மாவு மாதிரி கையில் ஒட்டுகிறது. பின்பக்கம் பச்சையும் கறுப்புமாகப் பாசி. பெயிண்டர் சொன்ன தொகை கட்டுப்படியாகவில்லை. தீபாவளிக்கு முன்னால் இரண்டு வாரக்கடைசியில் நானும் தம்பியும் சேர்ந்து அடித்து முடித்துவிடலாம் என்று இருக்கிறோம். நல்ல பிராண்டு பெயிண்டாக வாங்கிவிட்டால் போதும்தானே? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 9, இரவு

அடிக்கலாம். எங்கள் வீட்டுக்கு நானும் கொழுந்தனாரும்தான் அடிக்கிறோம். ஆனால் இரண்டு வாரக்கடைசி போதாது, பிராண்டு என்பதும் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வி, சுவர் சுத்தமாக இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்பதுதான். என் அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் பெயிண்டராக இருந்தவர், 1968இல் அது கப்பல் பட்டறையான பிறகும் அங்கேயே வேலை பார்த்தார். துருவைத் தட்டுவது, சுரண்டுவது, உப்பைக் கழுவுவது, காயவிடுவது என்று வேலையில் பெரும்பகுதி டின்னைத் திறப்பதற்கு முன்னாலேயே முடிந்துவிடும் என்பார். வீட்டுச் சுவருக்கும் அதே வரிசைதான்.

கையில் ஒட்டும் அந்தத் தூளை அலட்சியம் செய்யாதீர்கள், தம்பி. நிறத்தூளைப் பிடித்து வைத்திருந்த பிசின் வெயிலில் சிதைந்துவிட்டது என்று அர்த்தம். அதன்மேல் எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் அது தூளோடு ஒட்டுமே தவிர சுவரோடு ஒட்டாது, அப்புறம் பாளம் பாளமாக உரியும். தூளைக் கழுவித் தேய்த்து எடுத்து, காயவிட்டு, சுவருக்குள் ஊறி இறுகும் சீலர் ஒரு பூச்சு கொடுத்த பிறகுதான் மற்றதெல்லாம். சீலருக்குச் செலவழிக்கத் தயங்கி நேராக இரண்டு பூச்சு பெயிண்ட் அடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

ஆகஸ்ட் 10

பாசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பச்சையும் கறுப்பும் எல்லோருக்கும் தெரியும். சில சுவர்களில் செங்கல் நிறத்திலோ ஆரஞ்சு நிறத்திலோ ஒரு படலம் பரவும், அதைப் பார்த்துத் துரு வழிகிறது என்று நினைத்துக்கொண்டு குழாய்க்காரரைக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அதுவும் பாசிதான், டிரென்டிபோலியா என்ற வகை. பச்சைப் பாசி இனம்தான், ஆனால் உள்ளே கேரட்டில் இருப்பது போன்ற நிறமி நிறைய இருப்பதால் சிவந்து தெரிகிறது. நம் ஊர் ஈரக்காற்று அதற்கு ரொம்பப் பிடிக்கும்.

எந்த நிறமாக இருந்தாலும் பாசியை உயிரோடு வைத்து மேலே பூசினால் சில மாதத்தில் புதுப் பூச்சைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். சாதாரண பிளீச் 1 பங்கு, தண்ணீர் 3 பங்கு கலந்து, கீழிருந்து மேலாக நனைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து நல்ல தண்ணீரில் நன்றாக அலசிவிடுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அந்த பிளீச்சோடு கழிப்பறை கழுவும் அமிலத்தையோ வினிகரையோ அம்மோனியா கலந்த எதையுமோ சேர்த்துவிடாதீர்கள், வருகிற வாயு நுரையீரலைப் பாதிக்கும். சுவரோரத்தில் கறிவேப்பிலைச் செடி இருந்தால் முதலில் அதற்கு நிறையத் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடிவிடுங்கள்.

ஆகஸ்ட் 12

பிரஷர் வாஷர் வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார் இன்னொருவர். எடுக்கலாம், தூளை எடுக்க நல்ல சாதனம். ஆனால் விரிசல் இருக்கும் இடத்திலும் சன்னல் சட்டத்தைச் சுற்றியும் நேராகப் பீய்ச்சினால் தண்ணீர் சுவருக்குள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், அது வெளியேற நாளாகும். பாசியை பிளீச் போட்டுக் கொன்ற பிறகு பீய்ச்சுங்கள். முதலிலேயே பீய்ச்சினால் பாசி பக்கத்துச் சுவருக்கும் தெறிக்கும்.

ஆகஸ்ட் 17

இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் "தீபாவளிக்கு முன்னால்" என்று இருக்கிறது. எனக்கு அதில்தான் சங்கடம்.

தமிழ்நாட்டில் பொங்கலுக்கு வெள்ளையடிப்பார்கள். அங்கே அது கணக்கான காலம். வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்ந்துவிடும், தையில் வெயில் பளிச்சென்று இருக்கும், சுவர் காய்ந்து கிடக்கும். நம் தாத்தா பாட்டிகள் அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தார்கள், ஆனால் இங்கே மழைக் கணக்கு வேறு. சிங்கப்பூரில் அதே வடகிழக்குப் பருவக்காற்று டிசம்பரிலும் ஜனவரியிலும்தான் அடைமழையைக் கொண்டுவருகிறது. பொங்கல் சமயத்தில் நாள்கணக்கில் விடாமல் பெய்யும் வருடங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே பருவக்காற்றின் பின்பாதி, பிப்ரவரி முதல் மார்ச் தொடக்கம் வரை, வறண்டது. காற்று அடிக்கும், மழை குறையும். வெளிச்சுவர் வேலைக்கு வருடத்திலேயே நல்ல சமயம் அதுதான், வெள்ளையடிக்கிற நம் பண்டிகை எதுவும் அதில் வராது என்பது வேறு விஷயம்.

தீபாவளிக்கு முந்திய அக்டோபர் எப்படி? இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட காலம். காலையில் வெயில் கொளுத்தும், இரண்டு மணிக்கு மேல் இடி இடித்துக்கொண்டு கொட்டும். காலையில் அடித்த பூச்சு இறுகுவதற்குள் மழை வந்துவிடும். ஆகஸ்ட், செப்டம்பர் அதைவிடப் பரவாயில்லை, ஆனால் விடிவதற்கு முன்னால் சுமத்ராவிலிருந்து வரும் சூறைமழை திடீரென்று அடித்துவிட்டுப் போகும். சுவர் பார்க்கக் காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். இங்கே விடிகாலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல் இருப்பது சாதாரணம், மழை இல்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். அதனால் மழை பெய்யாத நாளிலும் காலை எட்டு மணிக்கு பிரஷ்ஷைத் தொடாதீர்கள்.

ஈரம் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். எடுக்கும்போது தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் தயாரில்லை. குளியலறைக்குப் பின்னால் இருக்கும் சுவரில் கட்டாயம் இதைச் செய்யுங்கள். மழையே இல்லாமல் அங்கே வியர்த்தால் உள்ளே குழாய் கசிகிறது, அல்லது தரையின் நீர்த்தடுப்பு போய்விட்டது. அதைச் சரிசெய்யாமல் வெளியே எதைப் பூசினாலும் கொப்பளிக்கும்.

ஆகஸ்ட் 18

ஒன்று விட்டுப்போயிற்று. இந்த மாதங்களில் புகைமூட்டம் வந்தால் அன்று வேலையை நிறுத்திவிடுங்கள். ஈரப் பூச்சில் தூசி உட்கார்ந்துவிடும், அதைவிட முக்கியம், நீங்கள் ஏணியில் நின்று மூச்சு வாங்க வாங்கத் தேய்க்கிற நாள் அது இல்லை.

ஆகஸ்ட் 23

உயரம். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முழு வீட்டையும் நாமே அடிக்கலாம் என்கிற மாதிரி முதல் நாள் எழுதினேன் இல்லையா, அதற்கு ஓர் எல்லை போடுகிறேன். நாங்கள் கீழ்மாடி முழுவதும், பால்கனிக்குள் நின்று கை எட்டுகிற இடமெல்லாம், சுற்றுச்சுவர், வாசல் கேட், இவ்வளவும் செய்கிறோம். மேல்மாடி சன்னலுக்கு மேலே, கூரை விளிம்பு வரைக்கும், சாரம் கட்டி வேலை செய்கிற ஆட்களிடம் விடுகிறோம். கழுவி, சுரண்டி, விரிசல் அடைத்து எல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டு அந்த ஒரு பகுதிக்கு மட்டும் விலை கேட்டுப் பாருங்கள், முழு வீட்டுக்குச் சொன்ன தொகைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியும்.

2013இல் வந்த உயரப் பணி விதிகள் 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய வேலையை ஆபத்தான வேலையாக எடுத்துக்கொண்டு அனுமதிச் சீட்டு கேட்கின்றன. அது வேலையிடத்துக்குத்தானே, சொந்த வீட்டுக்கு என்ன என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விதி வேலையிடத்துக்குத்தான், ஐயா. ஆனால் பெரிய நிறுவனமே விழாமல் தாங்கும் கவசவாரும் மேற்பார்வையாளரும் இல்லாமல் செய்யக்கூடாத வேலையை நாம் ரப்பர் செருப்போடு செய்வானேன்?

கீழ்மாடிக்கு ஏணி வைக்கும்போது, ஏணி சுவரைத் தொடும் உயரம் 4 மீட்டர் என்றால் அதன் கால் சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருக்கட்டும். நம் தரைவீடுகளில் சுவரோரம் வடிகால் ஓடும், மேலே கம்பி மூடி போட்டிருக்கும். அந்த மூடிமேல் ஏணிக்காலை ஊன்றாதீர்கள், வழுக்கும், ஆடும். கெட்டிப் பலகையை வடிகாலுக்குக் குறுக்கே போட்டு அதை நகராமல் கட்டிவிட்டு அப்புறம் வையுங்கள், அல்லது அந்த இடத்துக்குக் கீழிருந்தே நீட்டுக் கழியில் உருளையை மாட்டி அடியுங்கள். நீட்டுக் கழியால் நாம் நினைப்பதைவிட அதிகமாகவே எட்டும்.

வீட்டில் பணிப்பெண் இருக்கிறார், ஏணியைப் பிடிக்கவும் சன்னல் ஓரம் தொட்டுக்கொடுக்கவும் சொல்லலாமா என்று ஓர் அக்கா கேட்டிருக்கிறார். கூடாது, அக்கா. மாடிச் சன்னலின் வெளிப்பக்கத்தைத் துடைப்பதற்கே, கம்பித் தடுப்பு பூட்டியிருக்க வேண்டும், வீட்டுப் பெரியவர் ஒருவர் கூட நின்று பார்க்க வேண்டும் என்று மனிதவள அமைச்சு 2012லேயே விதித்துவிட்டது. விழுந்து உயிரிழந்த பெண்களால் வந்த விதி அது. பெயிண்ட் அடிக்க அவரைச் சன்னலுக்கு வெளியே சாயச் சொல்வதை நினைக்கவே கூடாது.

ஆகஸ்ட் 24

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் தாழ்வாரத்துச் சுவர் அழுக்காக இருக்கிறது, நானே அடித்துவிடட்டுமா என்ற கேள்விக்கு: வேண்டாம். புளோக்கின் வெளிச்சுவரும் தாழ்வாரமும் நகர மன்றத்தின் பொறுப்பு. அவர்களுக்கு எழுதுங்கள்.

ஆகஸ்ட் 31

நீங்கள் அனுப்பிய விரிசல் படங்களைப் பார்த்தேன். சன்னல் மூலையிலிருந்து முடி போல ஓடுவது பூச்சுவேலை சுருங்கியதால் வருவது, பயமில்லை. சுரண்டியின் முனையால் லேசாக அகலப்படுத்தி, தூசியைத் தட்டி, வெளிச்சுவருக்கான அக்ரிலிக் பட்டியை, அதாவது விரிசல் அடைக்கும் பசையை, அழுத்தி நிரப்பி, காய்ந்ததும் தேய்த்துவிடுங்கள். உள்சுவர்ப் பட்டியை வெளியே போடாதீர்கள், மழையில் கரையும். நாணயம் நுழைகிற அளவுக்கு அகலமாகவோ சாய்வாகவோ ஓடி, மாதத்துக்கு மாதம் வளர்கிற விரிசல் என்றால் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

இரண்டாவது படம் எனக்குக் கவலை தருகிறது. பால்கனியின் அடிப்பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கிறதே, அங்கே ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், நேர் கீழே நிற்காமல் ஓரமாக நின்று. வெற்றொலி வந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்து கான்கிரீட்டைத் தள்ளுகிறது. அது பெயிண்ட் விஷயமே இல்லை. உதிரும் பகுதியை உடைத்தெடுத்து, கம்பியைத் துரு போகத் தேய்த்து, துருத்தடுப்பு பூசி, பழுதுபார்ப்புக் கலவையால் திரும்பக் கட்ட வேண்டும், தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். அதை மூடிப் பெயிண்ட் அடித்தால் எச்சரிக்கையை மறைத்ததாகிவிடும், கீழே பிள்ளைகள் சைக்கிள் நிறுத்துகிற இடம் என்கிறீர்கள்.

ரப்பர் மாதிரி நீளுகிற எலாஸ்டோமெரிக் பெயிண்டைப் பற்றி இருவர் சண்டையே போட்டுவிட்டார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் சரி இருக்கிறது. மழையைத் தடுக்கும், முடி விரிசலை மூடும், உண்மை. படலம் தடிமனாக இருப்பதால் சுவருக்குள் ஏற்கெனவே இருக்கிற ஈரம் வெளியேறத் திணறும் என்பதும் உண்மை. காய்ந்த சிமெண்ட் சுவருக்குத் தாராளமாகப் போடலாம், கீழிருந்து ஈரம் ஏறுகிற பழைய செங்கல் சுவருக்குப் போடக்கூடாது.

லிட்டில் இந்தியாவில், தேக்கா பக்கம் பழைய கடைவீடு வைத்திருப்பவர் எழுதியிருந்தார். ஐயா, உங்கள் கணக்கு வேறு. லிட்டில் இந்தியா 1989லேயே பழைய கட்டடங்களைக் காக்கும் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது, நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் வழிகாட்டுதலைப் படித்துவிட்டுத்தான் தொட வேண்டும். அந்தச் சுவர்கள் செங்கல், சுண்ணாம்புப் பூச்சு. அவற்றுக்குச் சுண்ணாம்போ கனிமப் பெயிண்டோ போல ஈரத்தை உள்ளேயும் வெளியேயும் விடுகிற பூச்சுதான் ஒத்துவரும். பிளாஸ்டிக் படலம் போட்டால் சுண்ணாம்பு உள்ளேயே நொறுங்கி உதிரும், உப்பு பூக்கும்.

சுண்ணாம்பு என்றதும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் நினைவுக்கு வருகிறது. 1856இல் கட்டத் தொடங்கியபோது, இந்தியாவிலிருந்து கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள்தான் அந்தச் சுவரைப் பூசினார்கள். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளை, கருப்பட்டி போன்ற கரடுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர், எல்லாம் கலந்த மதராஸ் சுண்ணாம்பு. காய்ந்த பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பெயர் தெரியாத அந்தக் கைகளை நினைத்துக்கொள்வேன். இவ்வளவு மழைக்கு நடுவில், காயவிட்டுத் தேய்த்து, காயவிட்டுத் தேய்த்து எவ்வளவு பொறுமையாகச் செய்திருப்பார்கள்.

செப்டம்பர் 7

எத்தனை டின் வாங்குவது என்று கடையில் கேட்டால் கூட்டித்தான் சொல்வார்கள், நீங்களே போட்டுப் பாருங்கள். உங்கள் வீடு 6 மீட்டர் அகலம், 7 மீட்டர் உயரம் என்று வைத்தால் முன்னும் பின்னும் சேர்த்து 84 சதுர மீட்டர். கதவு சன்னல் மூன்றில் ஒரு பங்கு போனால் மிச்சம் 56. ஒரு லிட்டர் வழவழப்பான சுவரில் ஒரு பூச்சுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் ஓடும், சொரசொரப்பான சுவரில் 8. இரண்டு பூச்சுக்கு 11 முதல் 14 லிட்டர். 5 லிட்டர் டின் மூன்று போதும். சீலர் ஒரு பூச்சுக்கு 6 லிட்டர் ஆகும். பால்கனி சுவரும் சுற்றுச்சுவரும் தனிக் கணக்கு.

மூன்று டின்னையும் ஒரே நாளில் ஒரே கடையில் கலந்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் பெரிய வாளியில் மூன்றையும் ஒன்றாக ஊற்றிக் கலக்கி மறுபடி டின்களில் நிரப்பிக்கொள்ளுங்கள். டின்னுக்கு டின் நிறம் இம்மி அளவு மாறினாலும் மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது சுவரில் பட்டையாகத் தெரியும்.

நிறம் உங்கள் இஷ்டம். எனக்குப் பிடித்தது காவியும் மண் மஞ்சளும். இரும்பு ஆக்சைடு நிறமிகள் என்பதால் வெயிலில் சீக்கிரம் வெளிறாது. பளீர் சிவப்பும் எலுமிச்சை மஞ்சளும் கடையில் அழகாக இருக்கும், மேற்குப் பார்த்த சுவரில் சீக்கிரமே வெளிறும். கெர்பாவ் சாலையில் இருக்கும் டான் டெங் நியா வீடு 1900இல் கட்டியது, இன்றைக்கு அதன்மேல் இருக்கும் நிறங்களைப் பார்த்துவிட்டு அதே மாதிரி வேண்டும் என்று என் அக்கா மகள் அடம்பிடித்தாள். அந்த வீட்டுக்குப் பொருந்தும், எங்கள் வரிசையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் என்ன சொல்வார் என்று கேட்டேன். வாசல் கதவு மட்டும் அவள் விருப்பம் என்று முடிந்தது.

செப்டம்பர் 14

நிழலைத் துரத்திக்கொண்டு அடியுங்கள். கிழக்குச் சுவருக்குப் பிற்பகல், மேற்குச் சுவருக்கு முற்பகல், பனி காய்ந்த பிறகு. சூடேறிய சுவரில் பூச்சின் மேல்பரப்பு சட்டென்று இறுகி, உள்ளே சிக்கிய ஈரம் குமிழாகக் கிளம்பும். இரண்டு பூச்சுக்கும் நடுவே டின்னில் இரண்டு மணி நேரம் என்று போட்டிருந்தாலும் நம் ஈரக்காற்றுக்கு நான் கூடுதலாகவே விடுவேன், முடிந்தால் மறுநாள்.

பூசிய இரண்டொரு நாளில் லேசான தூறல் பட்டு, சுவரில் பிசுபிசுப்பான பழுப்புக் கோடுகள் வழிகிறது என்று படம் போட்டவருக்கு: பயப்படாதீர்கள். பெயிண்டைக் கலக்கிவைக்கச் சேர்க்கும் சோப்பு போன்ற பொருள் முழுதாக இறுகாத படலத்திலிருந்து வெளியே வருகிறது. நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டு மென்மையாக அலசினால் போய்விடும். அதைப் பார்த்துப் பதறி மேலே இன்னொரு பூச்சு அடிக்காதீர்கள்.

செப்டம்பர் 15

பழைய பூச்சு அடுக்குகள் பல பத்தாண்டுக்கு முந்தையவை என்றால் ஈயம் இருக்கலாம். மிஷின் வைத்து உலர்வாகத் தேய்க்க வேண்டாம். தண்ணீர் தெளித்து ஈரமாகச் சுரண்டி, விழுவதைத் தாளில் பிடித்துக் கட்டி எறியுங்கள். சின்னக் குழந்தை இருக்கும் வீடு என்றால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

செப்டம்பர் 20

உருளை கழுவிய தண்ணீரை வாசல் வடிகாலில் ஊற்றுவதைப் பலர் செய்கிறார்கள். அந்த வடிகால் மழைநீருக்கானது, கழிவுநீர்க் குழாயோடு சேராது. இந்தத் தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்து மழைநீர் நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது, அப்புறம் அதைத்தான் நாம் குடிக்கிறோம். முடிந்தவரை உருளையைப் பழைய தாளில் தேய்த்து உலர்த்திவிட்டு, மிச்சத்தை வீட்டுக்குள் இருக்கும் கழுவுதொட்டியில் கழுவுங்கள்.

வாளி, தட்டு, டின் மூடி எதையும் மழையில் திறந்து வைக்காதீர்கள். வேலை இழுத்துக்கொண்டு போகும்போதுதான் பின்கட்டில் ஏடிஸ் கொசு முட்டையிடும். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி வந்தால் அபராதம், அது ஒரு பக்கம். எங்கள் வரிசையில் டெங்கி வந்து ஒரு பாட்டி ரொம்பக் கஷ்டப்பட்டார், அதனால் சொல்கிறேன்.

அக்டோபர் 5

பிளாஸ்டிக் தாள் பின்சுவரில் வியர்த்தது, முன்சுவரில் வியர்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ரொம்ப நல்ல செய்தி. அப்படியானால் தீபாவளிக்கு முன்சுவர் கீழ்மாடியும் கேட்டும் வாசல் தூணும் மட்டும் முடியுங்கள். ஏற்கெனவே கழுவிக் காயவிட்டாயிற்று, சீலரும் ஆயிற்று, ஆகவே காலை பத்து மணியிலிருந்து மதியம் வரை கிடைக்கிற நேரமே போதும். மேகம் கறுத்தால் கையை எடுத்துவிடுங்கள். விருந்தினர் பார்க்கப்போவது வாசலைத்தானே. பின்சுவரைக் குளியலறைக் கசிவு சரியானதும் பிப்ரவரியில் பார்த்துக்கொள்ளலாம். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். சுவர் ஈரமாக இருக்கிறது, இப்போது பூசினால் அடுத்த தீபாவளிக்கு உரியும் என்று தாளைக் காட்டியே சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

பிப்ரவரி 22

பின்சுவர் படம் பார்த்தேன். சன்னலுக்குக் கீழே நீர்வழிக் கோடு இல்லாமல் இருப்பதற்குக் காரணம், அந்தச் சன்னல் விளிம்பின் அடியில் தம்பி வெட்டிய சின்னப் பள்ளக்கோடுதான். தண்ணீர் சுவரைத் தொடாமல் அங்கேயே சொட்டிவிடும். மற்றவர்களும் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிச்சப் பெயிண்டை அந்த 5 லிட்டர் டின்னிலேயே வைக்காதீர்கள். உள்ளே காற்று அதிகம், தோல் கட்டிவிடும். விளிம்பு வரை நிரம்புகிற சின்னப் புட்டியில் ஊற்றி இறுக மூடி, நிற எண், கடை, தேதி, எந்தச் சுவர் என்று எழுதி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பால்கனி அடிப்பக்கம் பழுது பார்க்க வருகிறவருக்கு அதே நிறம் வேண்டியிருக்கும்.